பியாட்றிஸ் அக்கா பிடுங்கிய நல்ல பல்

1.

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவில்லை. போதகர் கெல்வின் என்னிடம் கேட்டது ஒரு பக்கத்தில் ஓர் அனுபவச் சாட்சி, அவ்வளவுதான். எங்கள் சபையிலிருந்து பப்புவா நியூகினிக்குப் போய், அங்கே தீவு தீவாகச் செல்லும் மருத்துவப் படகில் தொண்டு செய்துவிட்டு வந்த பியாட்றிஸ் அக்கா, ஞாயிறு நன்றி ஆராதனையில் அதை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவருக்கு எழுத வராது. எனக்கு எழுதுவதைத் தவிர ஒன்றும் வராது. இது எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"உமக்கு இது அரை மணித்தியால வேலை," என்றார் போதகர். இன்றோடு பதினொரு நாள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

நீலக்கடலின் அலைகள் தாலாட்ட, தேவ அழைப்பைச் சுமந்து சென்ற அந்தப் படகு —

விட்டுவிட்டேன். அக்காவுக்குப் படகில் போன நாளெல்லாம் தலைச்சுற்றும் சத்தியும், குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை.

2.

ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். பியாட்றிஸ் அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. பாடசாலைப் பற்சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்ப்பவர். என்னுடைய பாற்பற்களில் நான்கு அவர் கையால் போனவை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். (பல்லின் கணக்குக்காக நான் கட்டிவிட்டேன் என்பீர்கள். சரி, முப்பத்தொன்று என்று வைத்துக்கொள்வோம்.)

படகில் அவருக்குத் தந்த வேலை, பல் வைத்தியருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது. சிறுபிள்ளைகள் வந்தால் பார்க்கலாம். பெரியவர்களின் பல்லில் கைவைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

3.

இரண்டாவது வரைவு நன்றாக வந்தது. சொன்னால் தற்பெருமை, நன்றாகவே வந்தது. நவோமி என்றொரு பெண். கன்னம் வீங்கி, ஒன்றரை நாள் நடந்து வந்தவள். அக்கா சொன்னதை வைத்து நான் எழுதிய வரி இது:

வலி நீங்கிய முகத்தோடு நவோமி கரைவரை வந்து, தன் கையால் பின்னிய பையைப் பரிசளித்து, சிரித்தபடி வழியனுப்பினாள்.

போதகர் தொலைபேசி எடுத்தார். "அந்த வரியிலை எனக்குக் கண் கலங்கிப் போச்சு தம்பி." எனக்கும் கொஞ்சம் கலங்கியிருந்தது, ஆனால் நான் எழுதியது என்பதால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் அதே பை. அதற்குள் முருங்கைக்காயும் கத்தரிக்காயும். சந்தையால் நேரே வந்திருக்கிறார்.

"தம்பி, உந்த வரியை எடும்."

"ஏன் அக்கா? நீங்கள் சொன்னதுதானே? அவ சிரிச்சவ எண்டு?"

"ஓம், சிரிச்சவதான். வாய் விறைச்சிருக்கேக்கை ஆருக்கு நோகும்?"

முருங்கைக்காயை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு கடைவாய்ப் பல். ஒரு பக்கம் பாக்குக் கறை, கழுவிய பக்கம் வெள்ளை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை.

"அண்டைக்கு வைத்தியருக்குக் காய்ச்சல். வரிசையிலை அறுபது பேர். திருப்பி அனுப்ப மனம் வரேல்லை. அங்கை எல்லாரும் பாக்குச் சப்புறவை. எல்லாப் பல்லும் ஒரே கறுப்பு. ஊசி போட்டு இதை எடுத்தன். பின்னேரம் சாமான் கழுவேக்கைதான் கண்டன். பழுதான பல்லு இதுக்குப் பின்னாலை, வலப்பக்கம் கீழ்வரிசையிலை கடைசியா நிண்டது. அப்ப படகு வெளிக்கிட்டு மூண்டு மணித்தியாலம். ஊசியின்ரை விறைப்பும் அவ்வளவு நேரம்தான்."

"படகிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை. பயம் தம்பி. வெக்கம்." போத்தலின் மூடியை இறுக்கினார். "பிள்ளையளின்ரை வாயிலை பிழை விட்டாலும் திரும்ப முளைக்கும். முப்பத்திரண்டு வருஷமும் அந்தத் துணிவிலை இருந்திட்டன்."

(முப்பத்தொன்று.)

"அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினா, ஆள் தப்பாது," என்றார்.

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். வேறென்ன செய்ய?

4.

இந்தப் பகுதியில் போதகரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவர் கெட்டவரில்லை, அதனால் எனக்கு வேலை கூடிவிட்டது.

நிலைமை இதுதான். படகு ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறு தீவுகளுக்குப் போகும். அடுத்தது பங்குனியில். படகுக் குழுவின் பொறுப்பாளர் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். அக்கா என் வரியை வாசித்தால் பங்குனிப் படகில் இடம் உறுதி; ஆனால் நவோமி இல்லாத தீவுக்கு. உண்மையைச் சொன்னால் படகு நவோமியின் தீவுக்குத் திரும்பலாம். ஆனால் அக்கா இல்லாமல்.

"இதைச் சொன்னா அவவை மட்டுமில்லை, இனி எங்கடை சபையிலை இருந்து ஒருத்தரையும் எடுக்க மாட்டினம்," என்றார், அக்கா வாயாலேயே எல்லாம் கேட்டிருந்த போதகர். "அந்த நவோமியை இதுக்குள்ளை வேறை ஆராவது பார்த்திருப்பினம்."

"ஆர்?"

போதகர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

(பொறுப்பாளருக்கு இரகசியமாக ஒரு கடிதம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா மூன்று தரம் எழுதினாராம், மூன்றும் அலுமாரிக்குள். "சனத்துக்கு முன்னாலை சொன்னாத்தான் தம்பி, பிறகு பின்வாங்க ஏலாது," என்றார்.)

5.

நவோமியைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். சாட்சி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. கடல், படகு, வரிசையில் அறுபது பேர், ஜெபம். ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

பிறகு முடிவுகளை எழுதினேன்.

முதல் முடிவு: அக்கா உண்மையைச் சொல்கிறார். சபை அழுகிறது. பொறுப்பாளர் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து — (எங்கள் சபையில் ஒருவரும் ஒருவரையும் கட்டிப்பிடிப்பதில்லை. வெட்டினேன்.)

இரண்டாம் முடிவு: அக்கா என் வரியை வாசிக்கிறார். பங்குனியில் போகிறார். வேறொரு தீவில், வேறொரு பெண், கன்னம் வீங்கி —

மூன்றாவது முடிவில் நானே எழுந்து சொல்கிறேன். இதை நம்ப ஒருவரும் இல்லை, என் மனைவி உட்பட.

6.

ஞாயிறு. தேவாலயத்தில் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் முன் வாங்கில். அக்கா வெள்ளைச் சேலையில் வந்தார், தோளில் நவோமியின் பை. நான் தட்டெழுதிக் கொடுத்த தாளை விரித்து வாசித்தார். குரல் நடுங்கவில்லை. முப்பத்தொரு ஆண்டு பிள்ளைகளை "வாயைத் திற" என்று வெருட்டிய குரல் அல்லவா.

"சிரித்தபடி வழியனுப்பினாள்" வரை வந்தார். பின்வரிசை வாங்கில் யாரோ "ஆமென்" என்றார்கள். தாளில் அதற்குப் பிறகு ஒரு வரி அளவு வெறுமையாக விட்டிருந்தேன். அக்காதான் விடச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பைக்குள் கையை விட்டார். போதகர் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடினார்.

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். என்ன நடந்ததென்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தவன். சொன்னால் நீங்கள் ஒன்றில் அக்காவை மெச்சுவீர்கள், இல்லாவிட்டால் திட்டுவீர்கள், அதோடு தாளை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவீர்கள். நவோமியின் பழுதான பல் அங்கேயேதான் நிற்கும். எனக்கு அது விருப்பமில்லை. ஆகவே அந்த வரியை வெறுமையாகவே தருகிறேன்:

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

நீங்களே நிரப்புங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். நாக்கால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.