பன்னெண்டு ஒளியாண்டு, மூணு ஜம்ப்

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுகப்பிரியாவைப் புடிச்சுக் கத்தினேன்னா அதுக்குக் காரணம் கீது. நாலு மணிக்கு உச்சிமாகாளி ஊருக்குப் பஸ் ஏறணும். எங்க கப்பல் இன்னும் பன்னெண்டு ஒளியாண்டு தூரத்துல நிக்குது.

கப்பல்னா நெசக் கப்பல் இல்ல. சுங்குவார்சத்திரத்துல சுகப்பிரியா, உச்சி, பூஜா மூணு பேரும் தங்கியிருந்த மாடி ரூம்தான் கப்பல். நாலு பேரும் ஒரே கம்பெனி, ஒரே லைன். நான் ஜாஸ்மின், பிள்ளைப்பாக்கத்துல சொந்த வூடு, ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சா நேரா இங்க வந்துடுவேன். எட்டு மாசமா விண்வெளி ஆட்டம் ஆடிக்கினு இருந்தோம். ஆளுக்கு ஒரு வேஷம். நான் பைலட். பூஜா இன்ஜினியர். உச்சி டாக்டர். வழியில இன்னா நடக்குதுன்னு சுகப்பிரியா சொல்லுவா. தப்பிச்சோமா இல்லையான்னு லூடோ டைஸ் சொல்லும்.

கப்பல்ல நூத்திப் பன்னெண்டு பயணிங்க பொட்டிக்குள்ள தூங்கறாங்க. அத்தினி பேருக்கும் உச்சி பேர் வெச்சு ஒரு லாங்சைஸ் நோட்டுல எழுதி வெச்சிருந்தா. புதுக் கிரகத்துல எறங்குனதும் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லி எழுப்பணும்னு அவளுக்கு ஆசை. எட்டு மாசமா அதைத்தான் சொல்லிக்கினு இருந்தா. இப்ப கம்பெனியில அவளோட ரெண்டு வருஷ ட்ரெயினிங் முடிஞ்சிடுச்சு. அவ அண்ணன் மாரிசெல்வம் நாங்குநேரியிலருந்து கூட்டிக்கினு போக வந்து, கீழ டீக்கடையில உக்காந்திருந்தாரு.

"போன்ல ஆடிக்கலாமே"ன்னு பூஜா கேட்டா.

"வீட்டுக்குள்ள போய்ட்டா இதெல்லாம் நடக்காதுட்டி"ன்னு உச்சி சொன்னா. "இன்னைக்குப் போய்ச் சேரலன்னா இந்தப் பிள்ளைய எல்லாம் நடு ஆகாசத்துலயேதான் கெடக்கும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சிக்கல் சுகப்பிரியா எழுதின சட்டத்துல இருந்துது. வெளிச்சமே நாலு வருஷம் ஓடற தூரத்தை எங்க கப்பல் கண்ணு சிமிட்டற நேரத்துல தாண்டும். அதான் ஒரு ஜம்ப். நாலு ஒளியாண்டுக்கு மேல ஒரு ஜம்ப் போகாது. ஜம்ப் அடிச்ச பைலட்டுக்குத் தலை சுத்தும், ஒரு நாள் பூரா தூங்கணும். பன்னெண்டு ஒளியாண்டுக்கு மூணு ஜம்ப், நடுவுல ரெண்டு நாள் தூக்கம். கப்பல்ல காத்து ஒரு நாளைக்குத்தான் கீது.

"ஒரே ஜம்ப்ல பன்னெண்டுன்னு மாத்திடு. எவன் வந்து கேக்கப் போறான்?"னு கத்தினேன்.

"லிமிட் இல்லன்னா தூரம்னு ஒண்ணே இல்ல ஜாஸ்மின். அப்புறம் எட்டு மாசமா எங்கடி போனோம்?"

"பெரிய சயிண்டிஸ்ட்டு!"

உச்சிதான் என் கையப் புடிச்சா. "கள்ளத்தனமா கொண்டுபோயி எறக்கினா எனக்கு வேண்டாம்ட்டி. சட்டப்படி போவோம், இல்லன்னா இங்கனயே நிப்போம்."

சுகப்பிரியாவோட ரூல் நோட்டைப் புடுங்கி முதல்லருந்து படிச்சேன். மணி ரெண்டே முக்கால். மூணாவது வாட்டி படிக்கும்போதுதான் என் மண்டையில ஒறைச்சுது. அடச்சே, இன்னா முட்டாளுங்க நாங்க!

"தூங்க வேண்டியது பைலட்டுதானே? கப்பல் இல்லியே?"

சுகப்பிரியா நோட்டை வாங்கிப் பாத்தா.

"நம்ம லைன்ல நான் பாத்ரூம் போனா கன்வேயர் நிக்குதா? ரிலீவர் வந்து என் சீட்ல உக்கார்றா. இங்க மட்டும் நான் ஒருத்தியே சீட்டைப் புடிச்சுக்கினு கீறேன்!"

எட்டு மாசமா அந்த சீட்டை ஒருத்திக்கும் வுடலை. பைலட்னா நான்தான்னு எனக்கு ஒரு திமிரு. அதை அப்பவே வாய்விட்டுச் சொன்னேன்.

சுகப்பிரியா யோசிச்சா. "சரி, சட்டம் இடம் குடுக்குது. ஆனா பழகாத கையி. பைலட்டுக்கு மூணு விழுந்தாப் போதும், ரிலீவருக்கு அஞ்சோ ஆறோ விழணும். இல்லன்னா கப்பல் காணாமப் போயிடும். அத்தினி பேரும் காலி."

நான் போட்டேன். நாலு. மொத ஜம்ப் தாண்டிட்டு என் பைலட் தூங்கிட்டா. பூஜா கண்ண மூடிக்கினு போட்டா. அஞ்சு! எட்டு ஒளியாண்டு முடிஞ்சிடுச்சு. பாக்கி நாலு.

சுகப்பிரியா கதை சொல்றவ, அவளுக்குக் கப்பல்ல சீட்டு இல்ல. மிச்சம் இருந்தது உச்சி ஒருத்திதான். டைஸைத் தொடவே பயப்படுவா அவ. அவளுக்கும் சேத்து எப்பவும் நான்தான் போடுவேன்.

"உச்சி, ஒண்ணு சொல்லிடறேன்"னா சுகப்பிரியா. "நீ ஜம்ப் அடிச்சா நீயும் ஒரு நாள் தூங்கணும். முதல்ல தூங்கின ஜாஸ்மின்தான் முதல்ல முழிச்சுக் கப்பலை எறக்குவா, அதை நீ பாக்க முடியாது. அவங்களை எழுப்பவும் முடியாது."

எட்டு மாசமா அவ கேட்டது அது ஒண்ணுதானே. கீழருந்து மாரிசெல்வம் "ஏ உச்சி, நேரமாவுது"ன்னு கொரல் குடுத்தாரு.

உச்சி பேர் எழுதின நோட்டைத் தூக்கி என் மடியில வெச்சா. "பேரைத் தப்பா வாசிக்காதட்டி. மெதுவா எழுப்பு, பயந்துருவாவ." அப்புறம் டைஸை எடுத்தா. ரெண்டாவது யோசனை இல்ல. போட்டா.

ஆறு.

பூஜா போட்ட கூச்சல்ல கீழ் வூட்டு அக்கா படியேறி வந்துட்டாங்க. உச்சி சிரிச்சுக்கினே பையத் தூக்கினா. "நான் ஒறங்கிட்டேன், எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதிய"ன்னா. படி எறங்கும்போது திரும்பிப் பாக்கவே இல்ல. எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துது.

அவ போனதும் நோட்டைத் தொறந்தேன். ஒவ்வொரு பேரா மெதுவா வாசிச்சேன். பேருக்குப் பக்கத்துலயே குறிப்பு எழுதி வெச்சிருந்தா: இவளுக்குக் குளிரும், இவனுக்குப் பசிக்கும். இருட்டற வரைக்கும் வாசிச்சேன். நூத்திப் பன்னெண்டு பேரும் எழுந்து எறங்குனாங்க.

மறுநாள் காலையில கம்பெனி பஸ்ல போயிக்கினு இருந்தப்ப போன் அடிச்சுது. உச்சி மெசேஜ் அனுப்பியிருந்தா.

"இப்பதான் முழிச்சேன். பஸ்ஸு நாங்குநேரிக்குள்ள நுழையுது. எல்லாரும் எறங்கியாச்சா?"

"எல்லாரும் எறங்கிட்டாங்க"ன்னு அடிச்சேன். "நீ ஒருத்திதான் பாக்கி. எறங்கு."