முருங்கைக்குப் போன சாணம்

லூர்துராஜின் முருங்கைத் தோப்பு மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்தது. அதனால் எட்டு மாடுகளின் சாணமும் கொட்டகை கழுவிய நீரும் அங்கேயே போயின. மரங்கள் இலையால் மூடிக்கிடந்தன. காய் ஒன்றுகூட இல்லை.

"அடுத்த தைக்குள்ள காய்க்கலேன்னா எல்லாத்தையும் வெட்டிட்டுக் கொட்டகைய நீட்டிருவோம்" என்றாள் மனைவி பிரிஸ்கில்லா. "ஒட்டன்சத்திரம் சந்தையில கீரையவா ஏலம் விடுறாக?"

"இம்புட்டு எரு போட்டும் காய்க்கலையே!"

"போட்டதாலதான். மூணு வேளையும் பிரியாணி போட்டா எவன் எந்திரிச்சு வேலை பாப்பான்? அந்தப் பக்கம் நம்ம சோளக்காடு எருவில்லாம பட்டினியில வெளுத்துக் கெடக்கு."

லூர்துராஜ் முருங்கைகளை வெட்ட விடமாட்டார். அவை அவர் கையால் நட்டவை. அன்றே கழுவிய நீரைச் சோளக்காட்டுக்குத் திருப்பினார். சாணத்தையும் அங்கே குவித்து மட்கவிட்டார். முருங்கைக் கிளைகளைக் கழித்து மாடுகளுக்குப் போட்டார். அவை காம்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

சோளம் கருகருவென்று எழுந்தது. மார்கழியில் முருங்கை பூத்ததும் கிளை கழிப்பதை நிறுத்தினார். தை பிறந்தபோது விரல் நீளத்துக்குப் பிஞ்சுகள் தொங்கின. அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"சரி, மரம் தப்பிச்சிருச்சு. மாடுகதான் கீரை எங்கன்னு கத்துதுக. போய்ப் பதில் சொல்லுங்க."