அரைத்த பாத்திரம்

தேசியத் தரவுக் களஞ்சியத்தின் படிவத்தில் அறுபத்திரண்டு கட்டங்கள். நாற்பத்தொன்றாவது கட்டம், கல்லை எந்தப் பாத்திரத்தில் அரைத்தீர்கள் என்று கேட்டது. ஆய்வு மாணவி அதைக் காலியாக விட்டுவிட்டு மேலே போனாள். தன் கட்டுரைகளில் அவள் ‘பொடியாக்கப்பட்டது’ என்று மட்டுமே எழுதிப் பழகியவள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பதினேழு நாட்கள் இருந்தன. அளவீடுகள் களஞ்சியத்தில் சேர்ந்த பிறகே ஏட்டை வாங்குவோம் என்று பல்கலைக்கழகம் புது விதி போட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளில் அவள் உடைத்துக்கொண்டு வந்த கற்கள் நூற்றுப் பதினான்கு. எல்லாம் பூமி விரிந்து வெடித்த இடுக்குகளில் பாறைக்குழம்பு ஏறி உறைந்த கறுப்புக் கற்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் கோபால்ட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இருந்தது. ஏட்டின் நான்காம் அதிகாரம் முழுக்க அதைப் பற்றித்தான். மாநாட்டில் அதைப் பேசியதிலிருந்து ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் ‘கோபால்ட் ராணி’.

வரைவாகப் பதிவேற்றியதும் களஞ்சியம் ஒரு கேள்வி கேட்டது: மற்ற ஆய்வகங்களின் அளவீடுகளோடு ஒப்பிடட்டுமா? அவள் சரி என்றாள்.

திரையில் சிவப்புப் புள்ளிகள் அவளுடையவை. அவற்றைச் சுற்றி வேறு ஆறு நிறங்களில் புள்ளிகள் வந்து விழுந்தன. ஆறும் ஆறு பல்கலைக்கழகங்கள். டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம் என்று எந்தத் தனிமத்தை வைத்துப் பார்த்தாலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் போய் அடங்கின. அவள் வரைபடத்தைத் திறந்தாள். அவள் நடந்து திரிந்தது நாற்பது கிலோமீட்டர். வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் போட்ட கோடோ தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு, ஆறுகளையும் ஊர்களையும் சட்டை செய்யாமல் நேராகப் போய்க் கடலில் இறங்கியது.

ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாள். கல் எடுத்த இடத்தை யார் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ‘பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்.’ ‘கிணறு வெட்டியபோது, பதினொரு மீட்டர் ஆழத்தில்.’ ‘அலை இறங்கும்போது மட்டும் தெரியும் பாறை.’ எழுதியவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்காது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் தரை ஒரே மூச்சில் பிளந்து, ஒரே குழம்பு அந்தப் பிளவு நெடுகப் பாய்ந்திருக்கிறது. ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஆளுக்கொரு அறையில் வைத்து, இது என் கல் என்று எழுதியிருக்கிறார்கள். அவளுக்குப் புல்லரித்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சற்று நேரம் எழுந்து நின்றாள்.

பிறகுதான் கோபால்ட் படத்தைத் திறந்தாள். மற்றவர்களுடைய புள்ளிகள் எல்லாம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கை ஒட்டிப் படுத்திருந்தன. அவளுடையவற்றில் பெரும்பாலானவை நூற்றுக்கு மேல். முதல் நொடி பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடி ஒரு கேள்வி இடறியது. குழம்பு ஒன்றென்றால், இவள் நடந்த நாற்பது கிலோமீட்டரில் மட்டும் எப்படி இரண்டு மடங்காகும்? அதிலும் முதல் ஆண்டு எடுத்த முப்பது கற்கள் மற்றவர்களைப் போலவே ஐம்பதில் இருந்தன.

நாற்பத்தொன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

கல் அரைக்கும் அறை கீழ்த்தளத்தில். அங்கிருந்த தொழில்நுட்பருக்குப் புருவம் வரை வெள்ளைத் தூள். எல்லோரும் அவரை ‘மாவு அண்ணன்’ என்பார்கள்.

“என்ன ராணி, படி இறங்கி வந்திருக்கீங்க?”

“அண்ணே, முதல் வருஷம் என் கல்லை எதுல அரைச்சீங்க?”

“அகேட் கல்லுக் கிண்ணத்துல. அதுதான் விரிசல் விட்டுருச்சே. அப்புறம் எல்லாம் டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம். அதுல போட்டா ரெண்டே நிமிஷம், பவுடரு.”

“ஏண்ணே சொல்லல?”

“நீ கேட்கவே இல்லையேம்மா. நோட்டுல தேதி போட்டு எழுதித்தான் வச்சிருக்கேன்.” அவர் நோட்டை எடுத்து நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கியது. “ஏதாச்சும் தப்பாயிருச்சா?”

“கார்பைடு தூளைக் கோபால்ட் வச்சு ஒட்டித்தாண்ணே அந்தக் கிண்ணத்தையே செஞ்சிருப்பாங்க. அரைக்கிறப்போ அது தேய்ஞ்சு கல்லோட கலந்திருக்கு.”

அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

கிண்ணத்தின் டங்ஸ்டனும் கல்லில் ஏறியிருக்கும்; அதை அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த ஆய்வகம் அளக்கும் தனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டன் இல்லை.

மேலே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கோபால்ட் படத்தையும் மற்ற தனிமங்களின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாநாட்டில் அவளைப் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தவர் அவர்தான்.

“நாலாம் அதிகாரம் அம்போதானா?”

“ஆமா சார்.”

“அகேட்னு போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நான் கேட்க மாட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா கேட்கணும்போல இருக்கு. ஆறு மாசம் தள்ளிப்போகும். உன் உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுது.”

“தெரியும் சார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, மாடி ஏறி வர்ற வரைக்கும். அந்தக் கிணத்துக் கல்லு எடுத்தவரு, எத்தனை மீட்டர்னு கூட ஒழுங்கா எழுதியிருக்காரு சார். அதை நம்பித்தானே நான் இந்தக் கோட்டையே பார்த்தேன். நாளைக்கு என் புள்ளியை நம்பி எவனாவது கோபால்ட் தேடி நாற்பது கிலோமீட்டரைத் தோண்டுவான்.”

பேராசிரியர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். “போடு.”

முதல் ஆண்டின் முப்பது கற்களுக்கு அகேட், மீதி எண்பத்து நான்குக்கும் டங்ஸ்டன் கார்பைடு என்று நோட்டைப் பார்த்துத் தேதியோடு நிரப்பினாள். சேமித்ததும் அந்த எண்பத்து நான்கின் கோபால்ட் அளவுகள் ‘கலப்படம், பயன்படுத்த வேண்டாம்’ என்ற குறிப்போடு சாம்பல் நிறமாயின. மற்ற தனிமங்கள் சிவப்பாகவே கோட்டில் நின்றன.

மாவு அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தூள் படிந்த செருப்போடு உள்ளே வரத் தயங்கினார். அவள் திரையைத் திருப்பி, கோட்டின் இந்த முனையையும் அந்த முனையையும் காட்டினாள்.

“இவ்வளவு தூரமும் ஒரே கல்லா?”

“ஒரே வெடிப்புண்ணே. ஒரே நேரத்துல.”

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கடலில் கோடு இறங்கும் இடத்தை, திரையில் தூள் ஒட்டிவிடாதபடி விரலைச் சற்றுத் தள்ளி வைத்துக் காட்டினார்.

“அதுக்கு அந்தாண்ட?”

“யாரும் இன்னும் புள்ளி போடலண்ணே,” என்றாள் அவள்.