பக்க எண் இல்லாத அட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. ஹோபார்ட் துறைமுகத்தில் ஸ்காலப் பை என்ற, சிப்பிக்கறி அடைத்த பலகாரம் வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்றவள் என் அடுத்த வீட்டுக்காரி பிரைடி. தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆகணும்" என்று என் கையைப் பிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல அந்தப் படபடப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. வரிசை நகர்ந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர் இருமிக் காட்டினார்.

2

முதல் தொடக்கம்: ஹியூவான் ஆற்றங்கரையில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு இளங்காலையில்—

வேண்டாம். அதைக் கேமராக்காரர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது தொடக்கம்: தொள்ளாயிரம் பக்க நாவலை ஆறு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும்.

இது பரவாயில்லை. நாவல் ஹெஸ்டர் ட்ரெலோருடையது. பெயர் 'அக்கரைத் தோட்டம்'. அக்கா நோரா, தங்கை வின். அப்பாவின் ஆப்பிள் தோட்டத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப்பக்கம் ஒருத்தி அந்தப்பக்கம் ஒருத்தியாக வாழ்ந்து, கடைசிவரை பேசாமலே செத்துப்போகிறார்கள். படமாக்க உரிமை கொடுத்தபோது ஹெஸ்டர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இவர்களைச் சேர்த்து வைக்கக் கூடாது. மீறினால் உரிமை திரும்பப் போய்விடும்.

பிரைடியும் கூட்டாளி லாக்கியும் ஒரு வருடமாக அந்த நாவலோடு குடித்தனம் நடத்தினார்கள். காட்சிக்கு ஓர் அட்டை, அட்டையின் மூலையில் நாவலின் பக்க எண். சுவர் தெரியாமல் அட்டைகள். (நாவலில் ஒரு பாதிரியாரும் மூன்று சித்தப்பாக்களும் ஒரு குதிரையும் உண்டு. பிரைடி அத்தனை பேரையும் வெட்டினாள். எனக்கு இருக்கும் இடம் அவளுக்கு இருந்ததைவிடக் குறைவு. அதே அறையில் வேலை செய்த இன்னும் நான்கு பேரை நானும் வெட்டிவிட்டேன். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

கடைசிப் பாகத்தின் உயிரே ஓர் அட்டையில் இருந்தது. வின் ஒரு பெட்டி ஆப்பிளோடு படகில் அக்கரைக்கு வந்து, பெட்டியைப் படகுத்துறைப் பலகையில் வைக்கிறாள். நோரா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். அந்தக் கடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி வின் படகிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவுதான்.

3

ஹெஸ்டர் வந்து சம்மதம் சொல்ல வேண்டிய காலையில்தான் பிரைடி அந்த அட்டையின் மூலையைப் பார்த்தாள். எண் இல்லை.

"லாக்கி, இது எந்தப் பக்கம்?"

"என்னைக் கேக்குற? நீதானே எழுதி ஒட்டின?"

"நீ சொன்னதைத்தான்டா எழுதினேன்!"

"புத்தகத்துல இருக்குடி. படிச்சுட்டு பஸ்லயே அழுதேன்."

"எதைப் படிச்சுட்டு?"

ஆளுக்கொரு பிரதியை எடுத்துப் புரட்டினார்கள். கடைசி நூறு பக்கத்தில் இல்லை. எங்குமே இல்லை. ஒரு புத்தகத்தோடு ஒரு வருடம் கிடந்தால் நம் ஆசையும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

பிரைடிக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம்.

"அப்போ இது நம்மளோடதுடா!"

"நம்மளோடதுன்னா, அவங்களைச் சேர்த்து வச்சது நாமதான். நாம காலி. கிழிச்சுப் போடு."

"கிழிச்சா மிச்சம் என்ன இருக்கு? வெறும் ஆப்பிள் வியாபாரம்!"

கதவு திறந்தது. ஹெஸ்டர் ட்ரெலோர். திரைக்கதையை முந்தின நாளே படித்து முடித்திருந்தார்.

"குதிரையைக் கூடவா வெட்டுவீங்க, படுபாவிங்களா!" என்றவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா அந்தப் படகு, அந்த ஆப்பிள்... அதை மட்டும் அப்படியே வச்சிருக்கீங்க. நான் எழுதினதுலயே நல்ல இடம் அதுதான்."

மேசைக்கடியில் லாக்கி பிரைடியின் காலை மிதித்தான்.

(இங்கே எனக்கு ஹெஸ்டர் மேல் சந்தேகம். எழுதாததை எழுதியதாக ஒருவர் நம்புவாரா? பிரைடியிடம் கேட்டேன். "புத்தகத்துல எழுத வீம்பு விடல. மனசுல முப்பது வருஷமா எழுதிட்டே இருந்திருப்பாங்க" என்றாள்.)

ஹெஸ்டர் தன் பிரதியைக் கைப்பையிலிருந்து எடுத்து பிரைடியிடம் நீட்டினார். பேனாவைத் திறந்தார்.

"அந்தப் பக்கத்தை எடுத்துக் குடும்மா. அதுலயே உனக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

4

சரியாக இந்த இடத்தில் ஸ்காலப் பை வந்துவிட்டது. பிரைடி ஏற வேண்டிய படகும் வந்துவிட்டது. "மிச்சத்தை அப்புறம் சொல்றேன்" என்று பலகாரத்தைக் கடித்துக்கொண்டே ஓடினாள். தொடர் பிழைத்தது மட்டும் எனக்குத் தெரியும்; இப்போது படப்பிடிப்பு நடக்கிறது. பேனாவும் கையுமாக ஒரு அம்மாளை எத்தனை நாள் உட்கார வைப்பது? மிச்சத்தை நானே எழுதினேன்.

முடிவு ஒன்று: பிரைடி ஏதோ ஒரு பக்கத்தை விரித்து, ஹெஸ்டர் கண்ணாடி போடாததால்— சீ, கேவலம்.

முடிவு இரண்டு: பிரைடி புத்தகத்தின் கடைசியில் இருந்த வெற்றுத்தாளை விரித்து நீட்டினாள். ஹெஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுத மறந்துட்டேனா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

இதை அப்படியே பிரைடிக்கு அனுப்பினேன். பொய் எழுதிவிட்டேன் என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். உடனே கூப்பிட்டாள். குரலில் அதே படபடப்பு.

"ஐயோ, அன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதியிருக்கீங்க! நான் அழுததை மட்டும் விட்டுட்டீங்க."

"பிரைடி, இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேனே! வரிசையில நிக்கும்போது சொன்னேனே!"

சொன்னாளா? எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக் கடைசித்தாளைப் பார்த்துவிடலாம். நான் பார்க்கப் போவதில்லை. அவள் அழுததைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் இந்தக் கதையை நீங்கள் யாரிடமாவது சொல்லும்போது, பிரைடி அழுதாள் என்றுதான் சொல்வீர்கள். ஹெஸ்டரும் அழுதார் என்பீர்கள். நான் அதை எழுதவே இல்லை.