தொடைக்குள் கட்டிய சீழ்

திண்டிவனத்தில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை தூக்கியதில் புருஷன் தேவாவுக்குத் தொடையில் சுளுக்கு என்றுதான் புனிதா நினைத்தாள். அவன் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, எண்ணெய் விட்டு அழுத்தி நீவினாள். காய்ச்சல் கொதித்த பிறகுதான் விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பதறினார். "சுளுக்கு இல்லம்மா. கிருமி பூந்து சதைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. உடனே கீறி எடுக்கலைன்னா ரத்தத்துல பரவி உயிருக்கே ஆபத்து. யாரு இதைப் போட்டு நீவினது?"

புனிதா வாய் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து தேவா முனகினான். "நான்தாங்க நீவச் சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது. புனிதா அதில் நெற்றியை முட்டிக்கொண்டு கதறினாள். "எனக்காக ஏன்யா பொய் சொல்லிக்கினு போற? எழுந்து வாய்யா, உன்கிட்ட சண்டை போடணும்!"