கீழ்ப்படியில் நிற்பவள்

மெக்கானிக்குக்கு எதையும் முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்வது என்றாலே ஆகாது. வண்டி வேலையை அவன் யாரிடமும் கற்றவன் இல்லை. பிரித்தான், பார்த்தான், கையைச் சுட்டுக்கொண்டான், மறுபடி பூட்டினான், அவ்வளவுதான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எதைக் கேட்டாலும் "வரும்போது பாத்துக்கலாம்" என்பான்.

அவன் கட்டிக்கொண்டதோ நேர் எதிரான ஆளை. அவள் தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுப்பவள். நெருப்பு, வெள்ளம், லிஃப்டில் சிக்கிய குழந்தை என்று ஊரின் கஷ்டமெல்லாம் முதலில் அவள் காதில்தான் விழும். "எல்லாரும் ஒரே மாதிரிதான் அழறாங்க. என்ன செய்யணும்னு தெரியலையேங்கிறாங்க. நம்ம வீட்ல அந்தப் பேச்சு வரக்கூடாது" என்பாள்.

அவர்கள் குடியிருந்தது ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தரைத்தள வீடு. அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெள்ள ஒத்திகை நடக்கும். திடீரென்று கரண்டியால் தட்டை அடிப்பாள். மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்து, கேஸை மூடி, நடக்க முடியாத தன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்கு ஏறவேண்டும். பள்ளியில் படிக்கும் மகள் துணிப்பையும் தண்ணீர் கேனும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறவேண்டும். இவள் கையில் கடிகாரத்தோடு கீழ்ப்படியில் நின்று எல்லோரையும் விரட்டுவாள். கடைசியாக ஏறி வருபவள் அவள்தான்.

"இன்ஸ்பெக்டரம்மா, எனக்கு ஒரு வேலையும் சொல்லலையே?" என்று கிழவர் மகன் முதுகில் இருந்தபடி வம்புக்கு இழுப்பார்.

"நீங்க அவர் கழுத்தை நெரிக்காம இருந்தா போதும் மாமா."

மெக்கானிக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாவது செய்துவிடுவான். பெண்டாட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட அப்பாவைச் சுமப்பது லேசு.

அந்த வாரம் மழை விட்டபாடில்லை. நிலையத்தில் ஓயாமல் போன். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பேசிவிட்டு அவள் காலையில் காய்ச்சலோடு வந்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மெக்கானிக் கடை திறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கார்புரேட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

மதியத்துக்குமேல் கரை உடைந்தது. தெருவில் யாரோ கத்தினார்கள். வாசலைப் பார்த்தால் கலங்கல் தண்ணீர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. அவன் எழுந்திருப்பதற்குள் மகள் தட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. கை தானாகப் போய் மெயினை அணைத்தது. கேஸ் மூடியாயிற்று, அப்பா முதுகில் ஏறியாயிற்று. முழங்கால் தண்ணீரில் படியைப் பிடித்து அரக்கப்பரக்க ஏறினான். பின்னாலேயே மகள், பையும் கேனுமாக. ஒரு சாமான் விடுபடவில்லை. மாடித் தகரக் கொட்டகைக்குள் அப்பாவை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"உங்கம்மா ஒத்துக்கணும் இன்னைக்கு" என்று படியைத் திரும்பிப் பார்த்தான்.

படியில் யாரும் இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"எங்கடா அவ?" என்றார் அப்பா.

"கீழ நிப்பாங்களே..." என்று ஆரம்பித்த மகள் மாடி விளிம்புக்கு ஓடி எட்டிப்பார்த்தாள்.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் விளங்கிற்று. எத்தனை ஒத்திகை! அப்பாவுக்கு ஒரு ஆள், பைக்கு ஒரு ஆள், கேஸுக்குக்கூட ஒரு ஆள். அவளைக் கூட்டிவர மட்டும் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. சொல்லித்தரவேண்டியவள் அவள்தான், அவள் எப்போதும் எல்லோருக்கும் முன்பே வெளியே நின்றிருப்பாள். பழகிய வீடு பழகியபடியே ஓடி வந்துவிட்டது.

"பாப்பா, தாத்தாவை விட்டு நகராதே" என்று கத்திவிட்டு இறங்கினான்.

கூடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல். சாய்ந்து மிதந்த பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு பின்னறைக்குப் போனான். கதவு கூடத்துப் பக்கம் திறப்பது. இழுத்தான். சுவரில் சிமெண்ட் பூசி ஒட்டினமாதிரி நின்றது. போன மழையில் தண்ணீர் கசிகிறது என்று அவனே அந்தக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்து ஆணி அடித்திருந்தான். நல்ல வேலை, நயமான வேலை. பாவி, அதை யார் கேட்டார்கள்?

"உள்ள இருக்கியா? ஏய்!"

"இருக்கேன். இழுக்காதீங்க" என்றது உள்ளேயிருந்து அவள் குரல். "உங்க பக்கம் தண்ணி ஜாஸ்தி. எத்தனை பேர் இழுத்தாலும் வராது. ஜன்னல்ல கம்பி, அந்த வழியும் இல்லை. கீழ்ப்பலகையை உடைங்க. தண்ணி உள்ள வரட்டும்."

"பைத்தியமா உனக்கு? மூழ்கிடுவே!"

"ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்தாத்தான் கதவு வரும். நான் கட்டில் மேல நிக்கறேன். உடைங்க."

முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசும் குரல் அது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. தண்ணீருக்கடியில் கதவை உதைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. முதல் உதையில் கால் வழுக்கி முங்கினான், சேற்றுத் தண்ணீரைக் குடித்தான். எதிர்ச்சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து மறுபடி உதைத்தான். மறுபடி. பலகை விட்டுக்கொடுத்தது. அவனைச் சுற்றியிருந்த தண்ணீரெல்லாம் அந்த ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே அவள் ஒருமுறை அலறியது கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. தன் கையாலேயே தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தான். இழுத்தான், வரவில்லை. மறுபடி இழுத்தபோது, கனத்த பெட்டி நகர்வதுபோல் கதவு அவன் பக்கமாக மெல்ல வந்தது.

கட்டில் கவிழ்ந்து கிடக்க, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அவன் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வந்த வழியிலேயே சுவரைத் தடவித் தடவி, படிக்கு வந்து, மேலே ஏறினார்கள்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். கிழவர் தன் போர்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் தகரக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் நடுங்கினாள்.

"மன்னிச்சுடு" என்றான் மெக்கானிக். "நீ கீழ நிக்கறேன்னே நினைச்சுட்டோம். தட்டுச் சத்தம் கேட்டு நீயும் எழுந்திருப்பேன்னு..."

"கேட்டுச்சே" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"தட்டு அடிக்கிறது கேட்டுச்சு. நீங்க மாமாவைத் தூக்கறது, இவ பையை இழுக்கறது எல்லாம் கேட்டுச்சு. எனக்கு முடியலைன்னு நீங்களே ஒத்திகை செய்யறீங்கன்னு நினைச்சேன்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "எழுந்து வந்திருக்கலாம். யாராவது வந்து கதவைத் திறந்து, வா போகலாம்னு கூப்பிடட்டும்னு ஆசையா இருந்துச்சு. அதான் படுத்திருந்தேன். காலைக் கீழ வச்சப்ப தண்ணி பட்டுச்சு, அப்பதான் நிஜம்னு தெரிஞ்சுது. கதவைத் தள்ளினேன், வரலை. அப்புறம் கத்தினேன். மழையில கேட்கலை போல."

காலையில் அவள் வந்து படுத்ததிலிருந்து அந்த அறைக்குள் தான் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. சேறு படிந்த கையைச் சட்டையில் துடைத்தான். சட்டையும் சேறுதான். அப்படியே அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

கொதித்தது.