ஸ்தனிஸ்லாஸ் கைபட்ட தண்ணீர்

1996ஆம் ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் கைபட்ட தண்ணீரெல்லாம் பிராந்தியாக மாறியது. குடியை விடுவதாக அன்று காலையில்தான் பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் சத்தியம் செய்திருந்தான். மதியம் தோல் பதனிடும் ஷாப்பில் அவன் கைவைத்த தொட்டித் தண்ணீர் முழுக்க மாறியது. முதலாளி அப்போதே வேலையை விட்டு அனுப்பினார். தாகமெடுத்து டம்ளரைத் தூக்கினால் வாய்க்கு வருமுன்னே நெடி அடித்தது. கீழே வைத்துவிட்டான். வேர்வையும் மாறுகிறதா என்று பக்கத்தில் நின்று மோந்து பார்த்தவர்கள் தெருவில் உண்டு. மாறவில்லை.

கோயில் உபதேசியார் சூசைமுத்து இதை, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்ப் புதுமை என்றே முடிவு கட்டினார். ஆறு குடம் நிரப்பி, ஜெபம் சொல்லி, ஸ்தனிஸ்லாஸின் விரலை ஒவ்வொன்றிலும் முக்கியெடுத்தார். பூசைக்கு எட்டிப்பார்க்காத ஆண்களெல்லாம் பக்தியோடு வரிசையில் நின்றார்கள். கண்ணுசாமிக்கு மதமே வேறு, அவன்தான் முதல் ஆள். மறுநாள் அவன் சாக்கடையில் குப்புறக் கிடந்து செத்தான். உபதேசியார் அதன்பின் கானாவூரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவள் பெண்டாட்டி ஜெயமேரி. பத்து வருடம் அவனிடம் அடிவாங்கி இடது காது மந்தமாகிப் போனவள். மூன்றாம் நாள் நாக்கு வறண்டு கிடந்தவனின் தலையைத் தூக்கிப் பிடித்துத் தன் கையாலேயே ஊற்றினாள். தண்ணீர் தண்ணீராகவே இறங்கியது. அடுத்த ஞாயிறு தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பதினான்கு வீட்டாரும் ஜெபமாலை சொல்லி முடித்து, அவனுக்குத் தண்ணீர் ஊற்ற மணிக்கொரு வீடு என்று முறை போட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். "அப்பு, வெரசா வாயத் தொற, அடுப்புல வெஞ்சனம் தீயுது" என்பாள் அடுத்த வீட்டுப் பாத்திமா; மாதா பேரை வைத்தவள். குளிப்பாட்ட மரியராஜ். மற்றதற்கு என்ன செய்கிறான் என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை. கேட்டவர் முகத்தில் ஜெயமேரி கதவைச் சாத்தினாள். தோல் ஷாப் வேலை போனபின் அய்யலூர்ச் சந்தையில் ஆடு ஏற்றும் கூலிக்குப் போனாலும் செம்போடு ஒரு ஆள் கூடப் போனது. இப்படிப் பன்னிரண்டு வருடம்.

2008இல் ஜெயமேரிக்கு ஈரல் கெட்டது. ஆள் மாறி வந்த சீக்கு என்று தெரு பேசியது. பெரிய வெள்ளி மதியம் அத்தனை பேரும் கோயிலில் சிலுவைப்பாதையில் இருந்தார்கள். எதிர்வீட்டு ஒச்சம்மாள் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஜெயமேரி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

"செத்த நேரம் பொறுடி, ஆளு வரட்டும்."

"அம்புட்டு நேரம் நா இருக்கமாட்டேன். நீயே ஊத்து."

ஊற்றினான். இரண்டு மடக்கு விழுங்கி முகத்தைச் சுளித்தாள். "த்தூ. இந்தக் கசப்புக்கா என்னய அம்புட்டு அடிச்ச?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போய்விட்டாள்.

டம்ளரில் பாதி மிச்சமிருந்தது. வீட்டில் பார்க்க ஆளில்லை. சிலுவைப்பாதையில் இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் எல்லோரும் முழந்தாளில் இருந்தபோது, அந்த டம்ளரோடு கோயில் வாசலில் வந்து நின்றான். நடையில் தளும்பி விரலெல்லாம் வழிந்தது. எல்லோரும் அவன் வாயைத்தான் பார்த்தார்கள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"அக்கா, ஜெயமேரி போயிட்டா," என்று பாத்திமாவிடம் நீட்டினான். "இதக் கீழ ஊத்திட்டு எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு."

அடக்கம் முடிந்த மறுநாள் முறைப் பட்டியலைத் திருத்தினார்கள். ஜெயமேரி தண்ணீர் ஊற்றிவந்த மணி நேரங்களை ஒச்சம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கும்பிடுவது கருப்பசாமியைத்தான். ஆனால் தெருக்குழாய் அவள் வாசலில் இருந்தது.